முன்பிடி இறுகிய திங்கட்கிழமை

நெடுந்தீவில் தண்ணீர் சிந்தினால் சனம் முதலில் பாத்திரம் தேடும், பிறகுதான் காரணம் கேட்கும். அன்று காலை எங்கள் வங்கிக் கிளையின் பின்வளவில் ஆயிரம் லீற்றர் தாங்கியிலிருந்து எட்டு ஒன்பது துளைகளால் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. காசெடுக்க வந்து நின்றவர்கள் எங்கள் குசினிக்குள் புகுந்து வாளி, கேத்தில், சோற்றுப் பானை என்று அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு மனிசி தன் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தா. வெடிச்சத்தம் கேட்டு ஒரு நிமிடமும் ஆகியிருக்காது.

பின்படியில் எங்கள் காவலாளி தேவசகாயம் அண்ணை இருந்த இடத்திலேயே இருந்தார். துவக்கின், அதாவது காவல் துப்பாக்கியின், அடி அவர் காலிடையில் நிலத்தில் ஊன்றியிருந்தது, வாய் தாங்கியின் பக்கம் சரிந்திருந்தது. முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது.

"மிஸ், இது வெறுமையாயெல்லோ இருந்தது" என்றார்.

வெறுமை என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது நான்தான்.

ஒருவருக்கும் காயம் இல்லை. தாங்கி போனது. அடுத்த கிழமை ஒரு மனிதரின் வேலை போனது. யாருடைய வேலை போகவேண்டும் என்பது என் வாயில் இருந்தது. அதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

இந்தத் தொடரை வாசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், நான் கிளை வாழ்க்கை என்று சொல்லிச் சோறு கறியைப் பற்றியே எழுதுகிறேன் என்று குறைப்பட்டு எழுதியிருந்தார். ஐயா, இந்த முறை துவக்கு. திருப்திதானே.

படகு காத்து நிற்காது

எங்கள் கிளைக்கு இரண்டு காவலாளிகள். வங்கி ஆட்கள் இல்லை, காவல் கம்பனி ஒன்றின் ஆட்கள். ஒரு கிழமை தேவசகாயம் அண்ணை, மறு கிழமை நேசராசா. கிளையின் பின்னறையில் படுத்தெழும்பி, ஏழு நாளும் நின்று, திங்கட்கிழமை காலை மாறுவார்கள்.

சட்டப்படி இருவரும் ஒன்றாக நிற்கவேண்டும். போகிறவர் துவக்கைத் திறந்து காட்ட, வருகிறவர் பார்த்து எடுக்க, அதிகாரி ஒருவர் சாட்சிக்குக் கையெழுத்துப் போடவேண்டும். இதை எழுதியவர் நெடுந்தீவுப் படகைக் கண்டிருக்க மாட்டார். வருகிறவரை இறக்கிய படகு, கால் மணித்தியாலத்தில் போகிறவரை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் துறைக்குத் திரும்பிவிடும். ஜெற்றிக்கும் எங்கள் கிளைக்கும் இடையில் நடக்கவே கால் மணித்தியாலம். ஆகவே இருவரும் வழியில்தான் சந்திப்பார்கள். ஒருவர் கையை உயர்த்துவார், மற்றவர் தலையை ஆட்டுவார். துவக்கு மாறும் சடங்கு அவ்வளவுதான்.

துவக்கு அந்தக் கால் மணித்தியாலமும் என்னோடு. நான் இரண்டாம் அதிகாரி. போகிறவர் அதை என் கதிரைக்குப் பின்னால் கோப்பு அலுமாரியில் சாத்திவிட்டு, "நாலும் கிடக்கு மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடுவார். நாலு என்றால் நாலு தோட்டா, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பது ஈயக் குண்டு. வருகிறவர் எடுத்துக்கொள்வார். புத்தகத்தில் நான் எழுதுவேன்: தோட்டா நான்கு. குழலறை பரிசோதிக்கப்பட்டது, வெறுமை. கீழே என் கையெழுத்து, வடிவான கையெழுத்து.

குழலறை என்பது சுடப்போகிற தோட்டா போய் நிற்கும் இடம். கிளைத் துவக்கில் நாலும் கீழ்க்குழாயில் இருக்கலாம், குழலறையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது விதி. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு வருடமாக நான் பரிசோதித்ததாக எழுதிய அந்த அறை துவக்கின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டிருந்தால், நான் விழித்திருப்பேன். அந்தத் துவக்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் உப்பு

அந்தத் தீவில் எது இறுகினாலும் ஒரே காரணம்தான். உப்பு. என் அறைப் பூட்டு இறுகும், உப்பு. சைக்கிள் சங்கிலி இறுகும், உப்பு. காற்றாடி சுற்றாது, உப்பு. பெட்டகத்தின் கதவுப் பிணைச்சல் ஒருநாள் காலை திறக்காமல் நின்று, முகாமையாளர் வியர்த்துக் கொட்ட, ஒரு மீனவர் வரிசையிலிருந்து வந்து தேங்காயெண்ணெய் விட்டுத் தட்டித் திறந்து தந்தார். நம்புங்கள், பெட்டகத்தைத் திறந்தவர் வாடிக்கையாளர். அதன்பின் கருமபீடத்துக்குக் கீழே ஒரு போத்தல் எண்ணெய் எப்போதும் இருக்கும்.

தேவசகாயம் அண்ணை ஊர்காவற்றுறை ஆள். நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை வள்ளத்து இயந்திரம் கொண்டுபோய்விட்டது. வலை பிடிக்க ஏலாது என்றான பிறகுதான் காவல் வேலைக்கு வந்தார். வீட்டில் மருந்தும் கையுமாக வருத்தக்கார மனிசி. அந்தச் சம்பளத்தில்தான் இருவரும் சீவித்தார்கள். வங்கிக்குள் என்னை மிஸ் என்பார். வெளியில் கண்டால் பிள்ளை என்பார். வெள்ளிக்கிழமை படகில் நான் சத்தி எடுப்பேன் என்று, வயிற்றுப் பிரட்டலுக்குத் தேசிக்காய் தந்துவிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

துவக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டு விசயம். ஒன்று, வாயை ஆட்களுக்கு நேரே பிடிக்கக்கூடாது. இரண்டாவது, பயிற்சியில் கை பழகிக்கொண்ட ஒன்று. வெறும் துவக்கில், குழலுக்குக் கீழே இருக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ளிவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். விசையை அமத்தினால் ஒரு டிக் சத்தம் கேட்டு, பிடி மறுபடி இழுபடும். நாளுக்கு ஐம்பது தரம் அப்படிச் செய்யவிட்டிருக்கிறார்கள். வெறும் துவக்கில்.

அன்று திங்கட்கிழமை வந்தவுடன் வழமைபோல் எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பின்படியில் குந்தினார். முன்பிடியைக் கொஞ்சம் இழுத்து, அதன் கீழ் படிந்திருக்கும் உப்பைத் துடைப்பதுதான் அவருடைய முதல் வேலை. பிடி அசையவில்லை.

"உப்புப் பிடிச்சிட்டுது போல" என்றார்.

பின்வளவு நிழலில் வரிசையாக நின்றவர்கள் சும்மா இருப்பார்களா. "எண்ணெய் விடுங்கோ அண்ணை" என்று ஒருவர். "அடியை நிலத்திலை ஒருக்காத் தட்டுங்கோ" என்று இன்னொருவர். போத்தலை எடுத்துக் கொடுத்தது நான். அவர் விட்டார், தட்டினார், இழுத்தார். வரவில்லை. பிறகு துவக்கின் வாயை ஆளில்லாத பக்கம் சரித்து, "விசையை அமத்தினா விடும்" என்று சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். அமத்தினார், பிடி விட்டது. இடையில் ஒரு வெடியும் வெடித்தது.

நேசராசா சொன்னது

பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டுபோனது. தேவசகாயம் அண்ணையை வேலையிலிருந்து நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் நேசராசா அதே மாதிரித் துவக்கு ஒன்றோடு திரும்பி வந்தார். இருபத்தெட்டு வயது, நயினாதீவு. மனிசிக்கு அது எட்டாம் மாதம். கம்பனிப் பயிற்சியில் மற்றவர்கள் நித்திரை கொள்ள, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஆள்.

கிளை மூடிய பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மிஸ், அந்தத் தோட்டாவை ஏத்தினது நான்தான்."

ஞாயிறு இரவு பின்மதில் கல்லுகள் சரியும் சத்தம் கேட்டிருக்கிறது. யாரோ ஏறுகிறான் என்று நினைத்து, பாதுகாப்புப் பொத்தானை விலத்தி, முன்பிடியை ஒருதரம் இழுத்துத் தள்ளியிருக்கிறார். பார்த்தால் குதிரை. தீவில் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கட்டாக்காலிக் குதிரைகள் எங்கள் மதிலில் முதுகு தேய்ப்பது வழமை. துரத்திவிட்டு வந்து படுத்தவர், விடியக் காற்று எழும்பி, படகு வழமைக்கு முந்தி வெள்ளெனவே கூப்பிட, துவக்கை அலுமாரியில் சாத்திவிட்டு ஓடியிருக்கிறார்.

"நாலும் கிடக்கு எண்டு சொன்னனீர்" என்றேன்.

"கிடந்ததுதானே மிஸ். மூண்டு கீழை, ஒண்டு குழலுக்கை. நான் மறந்துபோனன். நீங்கள் பாப்பியள் எண்டுதான்..." அங்கே நிறுத்திவிட்டார். நான் ஒருநாளும் பார்ப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் வந்த கோபம். "உந்தச் சாமான் எப்பிடித்தான் வேலை செய்யுது, ஒருக்காக் காட்டும்" என்றேன்.

காட்டினார். தோட்டாக்களை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு, துவக்கைப் பக்கவாட்டில் கிடத்தினார். மேலே ஒரு குழல், அதன் கீழே கொஞ்சம் கட்டையாக இன்னொன்று. கீழே இருப்பதும் சுடுகிற குழல் என்றே நான் நினைத்திருந்தேன். அது தோட்டா வைக்கும் குழாய்.

"ரோச் லைற்றுக்கை பற்றறி போடுறமெல்லோ, அப்பிடி" என்றார். தோட்டாக்கள் ஒன்றின்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் ஒரு ஸ்பிறிங், எந்த நேரமும் அவற்றைப் பின்னால், விசையின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு சின்னக் கொக்கி விடாமல் மறித்துக்கொண்டிருக்கும்.

முன்பிடி கைபிடிக்க மட்டும் இருப்பதல்ல. அதிலிருந்து தட்டையான இரண்டு இரும்புச் சட்டங்கள் உள்ளே ஓடுகின்றன. அவற்றின் நுனியில், குழலின் பின்வாயை மூடிக்கொண்டு ஒரு இரும்புக் கட்டை. பிடியை இழுத்தால் கட்டை குழலை விட்டுக் கழன்று பின்னால் வரும். வரும்போது அதன் நகம் குழலறையில் இருக்கும் வெடித்த தோட்டாவின் கோதை விளிம்பில் பிடித்து இழுக்கும். கோது ஒரு முளையில் இடித்துப் பக்கத்துத் துவாரத்தால் வெளியே பாயும். அதே ஓட்டத்தில் கட்டை உள்ளே இருக்கும் சுத்தியலை அமத்தி, அடிக்கத் தயாராக நிறுத்திவிடும். கடைசி அங்குலத்தில் கொக்கி விலகி, கீழ்க்குழாயிலிருந்து ஒரே ஒரு தோட்டா ஒரு சின்னத் தட்டில் வந்து விழும். அடுத்ததைக் கொக்கி மறித்துவிடும்.

"இப்ப தள்ளிப் பாருங்கோ" என்றார். தொட்டேன். முதல் தரம்.

தள்ளும்போது தட்டு தோட்டாவை மேலே தூக்குகிறது. கட்டை அதைக் குழலறைக்குள் தள்ளி, பின்வாயை மூடி, ஒரு முளையால் தன்னைக் குழலோடு பூட்டிக்கொள்கிறது. ஒரு இழுவை, ஒரு தள்ளல். இத்தனை வேலையும் ஒரு கையசைவில் முடிந்துவிடுகிறது. துவக்கு என்று பாராமல் பார்த்தால் கெட்டித்தனமான சாமான்தான்.

"இப்ப திருப்பி இழுங்கோ, மிஸ்."

இழுத்தேன். வரவில்லை. கல்லுமாதிரி நின்றது.

"சுத்தியல் ஏறி நிக்கிற நேரம் பிடி வராது. வந்தா, வெடிக்கிற நேரம் கட்டை கழண்டு சுடுற ஆளின்ரை முகத்துக்குத்தான் வரும். அதுக்காகத்தான் உள்ளுக்கை ஒரு பூட்டு. ரெண்டு வழியாலைதான் அது விடும். ஒண்டு விசையை அமத்திறது. மற்றது இது." விசைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானைக் காட்டினார். உழுந்துக்குக் கொஞ்சம் பெரிசு. அதை அமத்திக்கொண்டு இழுத்தேன். பிடி எண்ணெயில் வழுக்குவதுபோல் வந்தது.

"அரை அங்குலம் இழுத்தாக் காணும். தோட்டாவின்ரை பித்தளை தெரிஞ்சா உள்ளுக்கை ஒண்டு நிக்குது. தெரியாட்டில் வெறுமை."

"அப்ப அண்டைக்கு இறுகினது உப்பாலை இல்லை."

"இல்லை மிஸ். அண்டைக்குத் துவக்கு சரியா வேலை செய்தது. உள்ளுக்கை ஆள் நிக்குது எண்டு அது சொல்லிக்கொண்டுதான் நிண்டது. நாங்கள்தான் எண்ணெய் விட்டனாங்கள்."

நாங்கள் என்றார். அந்த மரியாதைக்கு நான் தகுதியில்லை.

பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டார். "விசாரணையிலை, நீங்கள் பாத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ மிஸ். வெறுமையாக் கிடந்தது எண்டு. இல்லாட்டி எனக்கு வேலை போயிடும்."

"நான் பாத்தனான் எண்டால் தேவசகாயம் அண்ணை ஏத்தினவர் எண்டெல்லோ வரும்."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறைக்குப் போய், தோட்டா எடுத்த துவக்கை வாங்கி, பொத்தானை அமத்தி, அரை அங்குலம் இழுத்துப் பார்த்துப் பழகினேன். பழகுகிற ஆளுக்குத் தான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல் இருக்காது.

என் கணக்கு

நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன நடந்திருக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். வங்கியின் நிரந்தர ஊழியை. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். அந்தக் கடிதத்தால் வேலணைக் கிளைக்கு நான் கேட்டிருந்த மாற்றம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப் போயிருக்கும். சரவணையில் என் வீட்டிலிருந்து வேலணைக் கிளைக்கு சைக்கிளில் போகலாம். எனக்குக் கடல் ஒத்துவராது. ஒவ்வொரு வெள்ளியும் ஞாயிறும் படகில் சத்தி எடுத்து எடுத்து அலுத்துப்போயிருந்தேன்.

இவ்வளவுதான் என் பக்கத்தில் இருந்தது. நேசராசாவின் பிள்ளைத்தாய்ச்சி மனிசிக்காகத்தான் செய்தேன் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது புளுகு.

விசாரணை

யாழ்ப்பாணத்தில் கம்பனியின் கந்தோர். அந்த அலுவலகத்தில் ஒரு நீட்டு மேசை. அந்தப் பக்கம் கம்பனி அதிகாரி ஒருவர், எங்கள் பிராந்தியக் கந்தோரிலிருந்து ஒருவர். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். தேவசகாயம் அண்ணை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டு வந்திருந்தார். நடுவில் தோட்டா இல்லாத ஒரு துவக்கு.

"மிஸ், திங்கட்கிழமையிலை நீங்கள் எப்பிடிப் பாக்கிறனீங்கள் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ" என்றார் கம்பனி அதிகாரி. பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற முகத்தோடுதான் கேட்டார்.

எழுந்தேன். துவக்கின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பாதுகாப்புப் பொத்தானைப் பார்த்தேன். பிடியை இழுத்தேன், அது பூட்டிக்கொண்டு நின்றது. விசையில் விரல் படாமல் பக்கத்துப் பொத்தானை அமத்தி, அரை அங்குலம் இழுத்து, துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"வெறுமை" என்றேன். "அண்டைக்கும் இப்பிடித்தான் பாத்தனான். வெறுமையாத்தான் இருந்தது."

குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி எங்கள் பிராந்தியக் கந்தோர்க்காரரைப் பார்த்து, "எங்கடை காவல்காரருக்கே இவ்வளவு தெரியாது" என்றார். பிறகு தேவசகாயம் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"நீர் என்ன சொல்லுறீர்? மிஸ் பாத்து வெறுமை எண்டு எழுதியிருக்கிறா. அப்ப நீர்தான் இழுத்து ஏத்தியிருக்கிறீர்."

அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். மறுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபமோ சந்தேகமோ இல்லை.

"மிஸ் பாத்தவ எண்டால் வெறுமையாத்தான் இருந்திருக்கும், ஐயா" என்றார். "நான் இழுத்த ஞாபகம் இல்லை. ஆனால் இழுத்திருப்பன் போல."

நேசராசா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தை அங்கேயே அடித்து அண்ணையிடம் கொடுத்தார்கள். நேசராசா கந்தோரில் நின்றுவிட்டார்.

பின்னேரப் படகு

கிளையின் பின்னறையில் தேவசகாயம் அண்ணையின் பாயும் கேத்திலும் இரண்டு சாரமும் கிடந்தன. அவற்றை எடுக்க அவரும் நெடுந்தீவுக்கு வரவேண்டியிருந்தது. குறிகட்டுவான் வரைக்கும் ஒரே பஸ், பிறகு ஒரே படகு. இடமிருந்தும் வேறு பக்கம் போய் இருக்க எனக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தில் இருந்தேன்.

படகு வெளிக்கிட்டுப் பாதி வழியில்தான் கதைத்தார்.

"ஜெற்றியிலை இறங்கினன். தேத்தண்ணி குடிச்சன். நடந்து வந்தன். நீங்கள் துவக்கைக் காட்டினீங்கள், எடுத்தன். துணியை எடுத்துக்கொண்டு படியிலை குந்தினன்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "இதுக்குள்ளை எங்கையோ ஒரு இழுவை இழுத்திருக்கிறன். எங்கை எண்டுதான் பிடிபடேல்லை."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மருமோன் தன்ரை வள்ளத்துக்கு வரச் சொன்னவன். வலை பிடிக்க வேண்டாம் மாமா, இயந்திரத்தைப் பாத்தாக் காணும் எண்டவன். ஏலாது எண்டு சொல்லப்போறன். தன்ரை கை என்ன செய்யுது எண்டு தெரியாத ஆளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, அண்ணை."

"இல்லைப் பிள்ளை. உள்ளதைத்தானே சொல்லுறன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் அங்கைதானே இருந்தனீங்கள். நான் இழுக்கக்கை கண்டனீங்களோ?"

"இல்லை அண்ணை. நான் காணேல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ, பிள்ளை."

யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, காணவில்லை என்று மறுபடியும் சொன்னேன்.